பதினேழுக்குப் பிரியாத எண்

சல்லிக் கரையில், ஆட்கள் மணலில் நின்று கயிறிழுக்கும் கரைவலை ஒன்றை வைத்திருக்கும் வின்சன்ட் சம்மாட்டிக்குக் கடவுள், கடல், தன் கைத்தொலைபேசி இலக்கம் ஆகிய மூன்றிலும் நம்பிக்கை உண்டு. மூன்றாவதில் கொஞ்சம் கூடுதலாக. அதன் கடைசி ஆறு எண்கள் 720720.

ஒருநாள் பங்கு பிரிக்கையில், பழக்கதோஷத்தில் மீனின் நிறைக்குப் பதிலாக அந்த எண்ணைப் போனின் கல்குலேட்டரில் அடித்து, ஆட்களின் தொகையால் பிரித்துவிட்டார். மீதியே இல்லை. மறுநாள் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்தார்கள், அன்றும் மீதியில்லை. ஒன்று முதல் பதினாறு வரை எதனால் பிரித்தாலும் முழுசாக வந்தது. சட்டம் பிறந்தது: எண் முழுசாகப் பிரிந்தால்தான் வலை இறங்கும். திரையில் தசமப் புள்ளி விழுந்தால் வலையில் ஓட்டை விழும். இதைவிட மெலிந்த ஆதாரத்தில் நாடுகளே நடக்கின்றன. ஒரு கரைவலை நடக்கக்கூடாதா?

இந்தச் சட்டத்தோடுதான் சுலோஜனா மோதினாள். மற்றவர்கள் கழித்துவிட்ட மீனை வாங்கிக் கருவாடு போட்டு அலுத்துப்போனவள், இனிமேல் கயிறு பிடித்துப் பங்குமீன் எடுப்பதென்று தீர்மானித்திருந்தாள்.

"நானும் இழுக்கிறன், சம்மாட்டி."

"பெம்பிளை எண்டதுக்காக இல்லைப் பிள்ளை. என்ரை வலையிலை பதினாறு பேர். நீ வந்தாப் பதினேழு. புள்ளி விழும், பார்."

பார்த்தாள். விழுந்திருந்தது.

"அப்ப ஒராளை நிப்பாட்டுங்கோவன்."

"ஏலாது. எல்லாருக்கும் பிள்ளை குட்டி இருக்கு."

"என்ரை பிள்ளையள் மட்டும் காத்தைக் குடிச்சே வளருதுகள்?"

போனை நம்பாமல் ஈரமணலில் குச்சியால் பிரித்தாள். மீதி ஐந்து. அலை அழித்தது, திரும்பப் பிரித்தாள். அதே ஐந்து. எண்ணுக்கு வெட்கமில்லை.

பிறகு எண்ணையே கழற்றத் தொடங்கினாள். 720720 என்பது 720ஐ ஆயிரத்தொன்றால் பெருக்கியது. ஆயிரத்தொன்றைப் பிரித்தால் ஏழு, பதினொன்று, பதின்மூன்று. 720ஐப் பிரித்தால் ஐந்து, ஒன்பது, பதினாறு. பதினாறு வரையான அத்தனை எண்களும் இந்த ஆறின் தயவில் உள்ளே நுழைந்திருந்தன. பதினேழோ பகா எண். யாருடைய தயவிலும் நுழையாத வீம்புக்காரன். சரி, பதினெட்டு? இரண்டை ஒன்பதால் பெருக்கியது. இரண்டு பதினாறுக்குள்ளேயே இருந்தது, ஒன்பது தனியாகவே இருந்தது.

குச்சியை எறிந்துவிட்டு நேரே சம்மாட்டியின் மனைவி சீலாவிடம் போனாள்.

விடிய வலையிழுக்க வந்தவர்கள், சேலையை வரிந்து கட்டிய இரண்டு பெண்களைக் கண்டார்கள்.

"பதினெட்டு. அமத்துங்கோ, சம்மாட்டி."

அமத்தினார். 40040. அழித்துவிட்டு மறுபடி அமத்தினார். புள்ளி வருவதாகத் தெரியவில்லை.

"சீலா, நீ குசினியிலை…"

"பெம்பிளை எண்டதுக்காக இல்லையெண்டு சொன்னனீங்களாமே?" என்றாள் சீலா.

"போன் பொய் சொல்லாது, சம்மாட்டி!" என்று கயிற்றடியிலிருந்து ஒருவர் கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள். தான் பெற்ற சட்டமே தன் கழுத்தைப் பிடித்த கம்பீரத்தோடு சம்மாட்டி கயிற்றின் நுனியை நீட்டினார். அன்று சுலோஜனா உள்ளங்கை உரிய இழுத்தாள். மற்றவர்களுக்குச் சமமான பங்கை எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த கிழமை நுஸ்கி என்பவர் வேலை கேட்டு வந்தார். சம்மாட்டி போனை எடுக்குமுன் சுலோஜனா முந்திக்கொண்டாள்.

"பத்தொன்பதுக்குப் புள்ளி விழும், அண்ணை. ஓடிப்போய் இன்னொராளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. இருபது முழுசாப் போகும்."