ஈ டிரைவில் ஏறிய கல்யாணம்

எங்கள் தொழிலில் யார் எதை டைப் செய்தாலும் நம்பக் கூடாது. ஆனால் எல்லோரையும் 'ஜி' போட்டுத்தான் கூப்பிட வேண்டும்.

டெல்லி கரோல் பாகில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். ஃபோட்டோ ஸ்டூடியோக்களுக்குப் புரோகிராம் எழுதித் தருகிறோம். கேமரா கார்டில் இருக்கும் கல்யாணப் படங்களை அது கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அடுத்த கல்யாணத்துக்காகக் கார்டைத் துடைத்துக் கொடுக்கும். எந்த ஃபோல்டரில் ஏற்றுவது என்று திரையில் ஒரு கட்டம் கேட்கும். அந்தக் கட்டத்தில் ஜனங்கள் அடிப்பது சரிதானா என்று சோதிப்பது என் தலையெழுத்து. இதே வேலையில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதர சகோதரிகளே, கேளுங்கள்.

வழக்கமான இடம்

முனிர்காவில், என் ரூமுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூடியோக்காரர். கட்டத்தில் அவர் அடித்தது, 'வழக்கமா வைக்கிற இடம்'. அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை என்று புரோகிராம் சொல்லிவிட்டது. மனுஷனுக்கு வந்ததே கோபம். போனில் பிடித்துக்கொண்டார்: "மேடம் ஜி, கடைப் பையன்கூட ரெண்டு நாளில் கத்துக்கிட்டான். உங்க புரோகிராம் இன்னும் எத்தனை கல்யாணத்துக்கு இதையே கேட்கும்?"

ஒரே ஒரு சாய்ந்த கோடு

இங்கே ஸ்டூடியோக்களில் ஃபோல்டருக்கு மாப்பிள்ளை வீட்டுப் பெயர், ஒரு சாய்ந்த கோடு, பெண் வீட்டுப் பெயர் என்று எழுதுவார்கள். பில்லிலும் அப்படித்தான், ஆல்பத்திலும் அப்படித்தான். கம்ப்யூட்டருக்கோ அந்தக் கோடு வந்தால், முதல் ஃபோல்டருக்குள்ளே இரண்டாவது என்று அர்த்தம். 'மெஹ்ரா/கன்னா' என்று ஒருவர் அடித்தார். புரோகிராமும் சமர்த்தாக மெஹ்ராவுக்குள் கன்னாவை அடைத்துவிட்டது.

இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்துக்கொண்டு, பெரிய திரையில் ஃபோல்டரைத் திறந்திருக்கிறார்கள். பெண்ணின் தாய்மாமா எழுந்தே விட்டாராம்: "பொண்ணை அனுப்பினோம், சரி. எங்க குடும்பத்தையே எதுக்கு அவங்க வீட்டுக்குள்ள போட்டீங்க?"

கேள்வி கேட்காதே

இப்படிப் புகார்கள் வரவும் முதலாளி பன்சால் ஜி என்னைக் கூப்பிட்டார். சோதனையை எல்லாம் குறை, நேற்று எங்கே ஏற்றினார்களோ அதே இடத்தைக் காட்டி 'ஆமாம்' என்று ஒரு பட்டன் வை, போதும் என்றார். அந்த இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் ஆபத்து, ஜனங்கள் படிக்காமலேயே 'ஆமாம்' அடிப்பார்கள் என்று மன்றாடிப் பார்த்தேன். அவர் சமோசாவைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "மேடம், கஸ்டமர்தான் நம்மைக் கேள்வி கேட்கணும். நாம எதுக்கு அவங்களைக் கேட்கணும்?"

அழுகிற பெண்

செல்வம் சேலத்துப் பையன். வருஷக்கணக்காக அடுத்தவர் கல்யாணங்களில் லைட் பிடித்தவன், கடன் வாங்கிக் கேமரா வாங்கி, கோல் மார்க்கெட் பக்கம் முதல் முறையாகத் தன் பெயரில் ஒரு கல்யாணம் எடுத்தான். மறுநாள் காலை போன். குரலே சரியில்லை. "அக்கா, கல்யாணத்தையே காணோம்க்கா! கார்டும் காலி, ஹார்ட் டிஸ்க்கும் காலி. சாயங்காலம் பொண்ணோட அம்மா வருவாங்க. இது போச்சுன்னா நான் மறுபடி லைட் பிடிக்கத்தான் போகணும்."

"ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிட்டு வேற ஏதாவது செருகினீங்களா?" என்றேன். அவன் மச்சான் முருகன் டாக்ஸி ஓட்டுகிறவன். காருக்குப் பாட்டு ஏற்ற பென் டிரைவ் கொண்டுவந்திருந்தானாம். புரிந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்குக்கு இருந்த 'ஈ' என்ற பெயரைக் கம்ப்யூட்டர் பென் டிரைவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. நேற்று ஒத்திகைக்கு ஏற்றிய இடம் ஈ டிரைவ், இன்றும் ஈ டிரைவ் இருக்கிறது என்று என் புரோகிராம் தலையாட்ட, இவனும் 'ஆமாம்' அடித்திருக்கிறான். கல்யாணம் மொத்தமும் பென் டிரைவில் ஏறி ஆக்ரா சவாரி போய்விட்டது.

முருகனையும் அதே போன் காலில் பிடித்தோம். ஆக்ரா போகிற வழியில், ஃபரீதாபாத்தில் ஒரு மொபைல் கடையில் நின்றுகொண்டிருந்தான், பென் டிரைவைக் காலி செய்து புதுப் பாட்டு போட! செல்வம் போனில் கத்தின கத்தில் என் காது அடைத்துவிட்டது. முருகன் நிதானமாகத்தான் பேசினான்: "பதறாத மாப்ள. எல்லாத்தையும் அழிக்கலாமான்னு கடைக்காரன் கேட்டான். உள்ள என்ன இருக்குன்னு காட்டுய்யான்னேன். பொண்ணு அப்பாவைக் கட்டிக்கிட்டு அழுதுட்டு நிக்குது. அதைப் பார்த்தப்புறம் எப்படிடா ஆமான்னு சொல்றது?"

இப்போதெல்லாம் எங்கள் புரோகிராம், ஏற்றிய படங்களிலிருந்து மணப்பெண்ணின் முகத்தைத் திரையில் காட்டிய பிறகுதான் கார்டைத் துடைக்கலாமா என்று கேட்கிறது. பன்சால் ஜி உட்பட, அந்தக் கேள்வியை மட்டும் யாரும் படிக்காமல் தாண்டுவதில்லை.