நாற்பத்தேழாம் கல்

சவுக்காரத் துண்டு கை நழுவி விழுந்தால் அதை எடுத்துக் கொடுப்பது எங்கள் வீட்டில் என் வேலை. கிணற்றுச் சுவருக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே சிறு பெண்ணான என் கை மட்டும் நுழையும்படி ஓர் இடுக்கு இருந்தது. பாசியும் ஈர வாடையுமான அந்த இடுக்கில் துழாவும்போதெல்லாம் கல்லின் மறைந்த பக்கத்தில் வரிவரியாக ஏதோ செதுக்கியிருப்பது விரலில் தட்டுப்படும். பள்ளிக்கூடத்தில் 'ட'வும் 'ப'வும் எழுதப் பழகிய பிறகுதான் அது எழுத்தாக இருக்கும் என்ற எண்ணமே வந்தது. கண்ணால் ஒருநாளும் பார்த்ததில்லை.

புதுக்கோட்டை அப்போது சமஸ்தானம். ஆவூர் போகும் வண்டிப்பாதையை ஒட்டிய எங்கள் ஊரில், கண்மாய்க்கரையில், ஆலமரம் வேர்விட்டுப் பிளந்த பழைய சிவன் கோயில் ஒன்று பூசை நின்று கிடந்தது. அதைப் பிரித்துக் கட்டுவதற்கு ஓர் ஓவர்சியர் வந்து இறங்கினார். கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் நம்பர் போட்டு, சுவரே படுத்துத் தூங்குவது போலப் பொட்டலில் வரிசை குலையாமல் பரப்பி வைத்தார்கள். கல்லைத் தூக்க இரும்புச் சங்கிலியும் 'கப்பி'யும் வந்தன. கடைக்காலுக்குச் சிமெண்ட் போடலாம், சுவருக்குள் அதை விடமாட்டேன் என்று கல்தச்சர் ஒற்றைக்காலில் நின்றார்; அவருக்காகக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டுச் சுண்ணாம்பு அரைபட்டுக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடம் விட்டால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான்.

அடி வரிசையில் ஒரு கல் இல்லை. ஓவர்சியர் அந்த வெற்றிடத்துக்கும் நாற்பத்தேழு என்று நம்பர் போட்டு ஒரு குச்சியை நட்டிருந்தார். பக்கத்துக் கல்லின் எழுத்தை ஈரக் காகிதத்தில் ஒற்றி மை தடவி எடுத்து, பழைய தமிழை எங்களுக்குப் புரியும்படி சொன்னார்: இறந்துபோன மகனுக்காக யாரோ இந்தக் கோயிலில் விளக்கு வைத்திருக்கிறார்கள், யார் என்கிற பெயர் காணாமல் போன கல்லில் இருக்கிறது. காகிதத்தின் ஓரத்தில் கடைசி எழுத்து பாதியோடு நின்றது. அந்த வளைவின் மறுபாதியை என் விரல் அறியும்.

ஓடிவந்து என்னைப் பெற்ற ஆத்தாவிடம் சொன்னேன். அதற்கு முந்தின வருஷம் என் தம்பி, இன்னும் நடக்கத் தொடங்காதவன், காய்ச்சலில் போய்விட்டிருந்தான். ஆத்தா கல்லின்மேல் இருந்த துணியை எடுத்துத் தரையில் போட்டாள். அப்பாவுக்குத்தான் முகம் கறுத்துவிட்டது. அவருடைய அப்பா காலத்தில், கோயில் சுவர் சரிந்தபோது, வண்டியில் ஏற்றி வந்த கல் அது. விஷயம் வெளியே தெரிந்தால் சாமி கல்லில் அழுக்குத் துணி அடித்ததால்தான் பிள்ளை போனது என்று ஊரே பேசும், என் ஆத்தா தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று அவர் பயந்தார். நான் வாய் திறந்தால் தோலை உரித்துவிடுவதாகச் சொன்னார். அன்றிலிருந்து ஆத்தா துணிமூட்டையைக் கண்மாய்க்குத் தூக்கிப்போய்த் துவைத்தாள்.

நாலைந்து நாள் கழித்து, நாற்பத்தேழாம் இடத்துக்குப் புதுக்கல் அடிக்கப் போகிறார்கள் என்ற செய்தியையும் நானே கொண்டுவந்தேன். ஆத்தா அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"புள்ளை போனதுக்குக் கல்லுதான் காரணம்னா அது இங்கிருந்து போகட்டும். இல்லேன்னாலும் போகட்டும்."

அப்பா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். ஆனால் தடுக்கவில்லை. பட்டப்பகலில், அத்தனை ஆட்களும் வேலை செய்கிற பொட்டலுக்கு நடந்துபோய், ஆத்தா ஓவர்சியர் முன்னால் நின்றாள். "ஐயா, நீங்க தேடுற கல்லு எங்க வீட்டுல கெடக்கு. நாந்தான் அதுல துணி தொவைச்சேன்."

மறுநாள் அப்பாவே வண்டி பூட்டினார். கடப்பாரை போட்டு நெம்பியபோதுதான் அந்த எழுத்துகளை முதன்முதலாக வெயிலில் பார்த்தேன். கல்லின் மேற்பக்கத்தில் ஆத்தா துவைத்துத் துவைத்து ஓர் உள்ளங்கை அளவுக்குக் குழி விழுந்திருந்தது. கல் தேய்ந்துபோனது, புதுசுதான் நல்லது என்று கல்தச்சர் முணுமுணுத்தார். ஓவர்சியர் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆத்தாவின் பக்கம் திரும்பி, "சாத்தின்னு போட்டிருக்கும்மா. பொம்பளை பேரு. பெத்தவதான் வெளக்கு வச்சிருக்கா" என்றார்.

ஆத்தா குனிந்து அந்த எழுத்தின்மேல் கை வைத்தாள்.

"அவளும் பறிகொடுத்தவதானா? இத்தன நாளா அவ பேரைச் சொவத்துப் பக்கம் திருப்பிப் போட்டு வச்சிருந்தேனே" என்று சொல்லி, தம்பி போனபோதுகூட அழாத ஆத்தா அங்கே உட்கார்ந்து அழுதாள்.

அப்பா பயந்தது போலவே ஊர் பேசியது. தண்ணீர்த் துறையில் ஆத்தாவின் காதுபடவே பேசினார்கள். பேசியவர்கள் வீட்டு மாட்டுத்தொட்டிக்கு அடியிலும் கோயில் மதில் கல் கிடந்தது எனக்குத் தெரியும். ஒருத்தராவது வாய் திறக்கவேண்டுமே! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

கல் அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. சுவரடியில் திண்டுபோல வெளியே நீளும் வரிசை அது. ஆகையால் மேற்பக்கத்துக் குழி வெளியே தெரிந்தது. மழைத்தண்ணீர் தேங்காமல் இருக்க ஓவர்சியர் அதில் சிமெண்ட் பூசச் சொன்னார். கல்தச்சர் நிற்காது என்றார். இரண்டு மழைக்குள் அது பத்தைப் பத்தையாகப் பெயர்ந்து விழுந்தது. அதன்பின் ஆத்தா தன் கடைசி நாள்வரை வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் குழியில் ஓர் அகல் ஏற்றி வைத்தாள். சாத்தியின் மகனுக்கா என் தம்பிக்கா என்று நான் கேட்டதில்லை.

கல்யாணமாகி வேற்றூர் போன நான், போன தை மாதம் பேரனோடு காரில் அங்கே போனேன். எங்கள் வீடும் கிணறும் இருந்த இடத்தில் யாரோ மாடிவீடு கட்டியிருக்கிறார்கள். கோயில் பளிச்சென்று இருந்தது. மிஷினை வைத்து மணலைப் பீய்ச்சி அடித்துச் சுவரைச் சுத்தம் செய்தார்களாம். எனக்குக் கண் பார்வை குறைந்துவிட்டதால், சவுக்காரம் தேடிய அந்த நாள் போலவே விரலால் தடவிக்கொண்டு போனேன். கல் முழுக்க ஒரே மொழுமொழுப்பு. ஓர் எழுத்துகூட இல்லை.

"என்ன அப்பத்தா தேடுறீங்க?" என்றான் பேரன்.

"ஒரு பொம்பளை பேருடா" என்றேன்.

குழி மட்டும் இருந்தது. எத்தனை மணல் அடித்தும் அது போகவில்லை. அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, இனிமேல் அங்கே யாரும் படிக்க முடியாத சாத்தியின் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். கூடவே, எந்தக் கல்லிலும் எழுதாத என் ஆத்தாவின் பெயரையும் சொன்னேன். அவள் பெயர் அடைக்கி.