கல்லு மாதிரி இருக்கணும் பாட்டில்

கொரியாவின் துறைமுக நகரமான குன்சானில் பெண்களுக்கு முடி சுருட்டிவிடும் கடை வைத்திருந்த கும்-ஓக், போன வருஷம் தான் காய்ச்சிய பீரைச் சோயா சாஸ் பாட்டில்களில் அடைத்து, துணி அலமாரிக்குள் வைத்தாள். சாஸுக்கென்று செய்த மெல்லிசுக் கண்ணாடி, பீரின் வாயுவைத் தாங்குமா? ஒன்று வெடித்தது. அந்தச் சத்தத்தில் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்த கப்பல் ஒன்று அப்படியே திரும்பிப் போய்விட்டது. அதை நம்பாதவர்கள், கணவர் சோங்-தாலின் கல்யாணக் கோட்டில் விழுந்த கிழிசலையாவது நம்பலாம்.

"இன்னொண்ணு வெடிச்சுதுன்னா, உன் அண்டா எங்கக்கா வீட்டுக்குப் போயிடும்," என்றார் அவர்.

எட்டு வருஷமாக அவள் பீர் காய்ச்சும் அண்டா அது. ஆகவே அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்குப் பிளாஸ்டிக் பாட்டில்தான் என்று முடிவு செய்தாள். மக்கோலி என்கிற அரிசிக்கள்ளை அவர் தினமும் குடித்துப் போட்ட காலி பாட்டில்கள் பால்கனியில் குவிந்து கிடந்தன. கழுவி, பீரை ஊற்றி, வாயு ஊறுவதற்குப் பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு மூடினாள். வாயு ஊறிவிட்டால் பாட்டில் கல்லாக இறுகும். விரலால் அழுத்தினாலே தெரிந்துவிடும்.

ஒரு வாரம் கழித்து அழுத்தினாள். குழந்தையின் கன்னம்போல அமுங்கியது.

"பீரா இது? பார்லிக் கஞ்சி," என்றார் சோங்-தால்.

அவள் மூடியருகே காதை வைத்தாள். மெல்ல உஸ்ஸென்றது. மக்கோலி குளிர்பெட்டிக்குள்ளும் புளித்துக்கொண்டே இருக்கும். பாட்டில் வெடிக்காமலிருக்க, அதன் மூடியைக் காற்று கசிகிற மாதிரியே செய்திருந்தார்கள்.

"அதனாலதான் படுக்க வெச்சா ஒழுகுதா? சரியா மூடலைன்னு முப்பது வருஷமா உங்களைத் திட்டினேனே."

"மன்னிப்புக் கேளு."

"பீரு பொங்கட்டும், கேக்குறேன்."

பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. புதன்கிழமை, குடியிருப்பில் குப்பையைத் தரம்பிரித்துப் போடும் நாள். கும்-ஓக் பிளாஸ்டிக் மூட்டைக்குள் தலையை விட்டாள்.

"என்னக்கா, வீட்ல குடி ஜாஸ்தியா?" என்றார் காவலாளி பியோ.

"குடிச்சதெல்லாம் நீங்க. எனக்குக் காலி பாட்டில் போதும்."

கடை பீர் வந்த பழுப்பு நிறத் தடித்த பாட்டில்களை மட்டும் எடுத்தாள். அவற்றிலும் நல்லெண்ணெய் மணத்தவை, உள்ளே கீறல் விழுந்தவை, மூடி நசுங்கியவை எல்லாம் திரும்பிப் போயின. பன்னிரண்டு தேறின. கீறல் விழாமலிருக்கப் பிரஷ் போடாமல் அலசி, கிருமிநாசினி ஊற்றிக் கவிழ்த்து, பீரை மாற்றி, மறுபடி அளந்து சர்க்கரை போட்டாள்.

அன்றிலிருந்து சோங்-தால் பால்கனிப் பக்கம் போகும்போதெல்லாம் அண்டா மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டார்.

விருந்தன்று அவருடைய அக்கா சோங்-நிம், அண்டாவுக்கென்று தள்ளுவண்டியே கொண்டுவந்திருந்தாள். பன்னிரண்டு பாட்டிலும் கல்லாக இறுகியிருந்தன. குளிரவைத்த ஒன்றின் மூடியை மெல்லத் திருகினாள் கும்-ஓக். சத்தம் உஸ்ஸோடு நின்றது. ஊற்றிய கோப்பையில் நுரை எழுந்து அக்காவின் மூக்கைத் தொட்டது.

மூன்றாவது கோப்பை முடிந்ததும் சோங்-நிம் சொன்னாள்: "அண்டா இங்கேயே இருக்கட்டும். மாசம் ரெண்டு பாட்டில் எனக்கு அனுப்பு."

"காலி பாட்டிலைத் திருப்பித் தரணும் அண்ணி. எண்ணெய் ஊத்தி வெச்சிடாதீங்க."

"எனக்கு வரவேண்டிய மன்னிப்பு என்னாச்சு?" என்றார் சோங்-தால்.

"மொதல்ல கையில இருக்கிற மூடியைக் கீழே வைங்க," என்று அவருடைய கோப்பையை நிரப்பினாள் கும்-ஓக். "அப்புறம் கேக்குறேன்."