கட்டைச் சவுக்கு வளர்த்த இளையதம்பி

பச்சைக் குழையை நெருப்பில் போடுகிற மனிதனை நீங்கள் எங்காவது கண்டிருக்கிறீர்களா? உரும்பிராயில் நாங்கள் கண்டோம். அவர் பெயர் இளையதம்பி. கோடையில் ஊர் மாடுகள் கிழித்த பனையோலையைச் சப்பிக்கொண்டு நிற்க, இவர் தன் முற்றத்து மரங்களைக் கத்தரித்து, வெட்டிய தழையையெல்லாம் கூட்டி எரிப்பார். முதல்முறை அந்தப் புகையைப் பார்த்தபோது வேலிக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தேன். இங்கே ஒரு பூவரசங் கிளை முறிந்தால் அதை ஆட்டுக்குப் போடுவோம்; ஆடு இல்லாதவன் புகையிலைத் தோட்டத்தில் எருவாகப் புதைப்பான். எரிக்கிறவனை யார் கண்டது?

அந்த மரங்களே ஓர் அதிசயம். இளையதம்பி நுவரெலியாவில் ஒரு துரையின் பங்களாவில் நெடுங்காலம் பூந்தோட்ட வேலை பார்த்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றாம் ஆண்டு வேலையை விட்டு வந்தபோது, வேர்மண்ணோடு சாக்குச் சுற்றிய சைப்பிரஸ் கன்றுகளை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினார். குட்டை இனம். எத்தனை வருஷம் போனாலும் இடுப்புக்கு மேல் வளராது. பூ இல்லை, பழம் இல்லை, இலையும் உதிராது. நாங்கள் அதற்குக் கட்டைச் சவுக்கு என்று பேர் வைத்தோம்.

குளிர்நாட்டு மரத்துக்கு எங்கள் வெயில் ஒத்துக்கொள்ளுமா? தென்னோலைக் கிடுகால் பந்தல் போட்டார். வேரடியில் தன் பசுவின் சாணமும் சருகும் பரப்பினார். பொழுது சாயத் தண்ணீர் வார்த்தார். கிளைக்குள் காற்றுப் போகாவிட்டால் உள்ளே கருகிவிடும் என்று அடிக்கடி கத்தரித்தார். ஒருவருக்கும் ஒன்றுக்கும் உதவாத மரத்துக்கு இவ்வளவு பாடு.

வேலிக்கு அந்தப் பக்கம் சின்னத்தங்கம் இருந்தாள். புருஷன் இல்லாதவள். ஒற்றைப் பசுவின் பாலை விற்றுத்தான் அடுப்பெரித்தாள். முப்பத்தெட்டாம் ஆண்டுக் கோடையில் அந்தப் பசு சினையாக நின்றது. தீனிக்கு அவள் நாயாய் அலைந்தாள். ஒருநாள் வேலியடியில் வந்து கேட்டாள்.

"அண்ணை, உந்தக் குழையை ஏன் எரிக்கிறியள்? என்ரை மாட்டுக்குத் தாங்கோவன்."

"அது மாட்டுக்கு ஆகாது" என்றார் இளையதம்பி. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

அது வெறும் சாட்டு என்று ஊர் அவரைக் கஞ்சன் என்றது. முகத்துக்கு நேரேயும் சொன்னோம். கேட்டுக்கொண்டு போய்விடுவார்.

ஒரு காலை மரங்களைக் கத்தரித்துக் குவித்து வைத்திருந்தபோது, சாவகச்சேரியில் அவருடைய தமையன் செத்துப்போனார் என்று ஆள் வந்தது. போட்டது போட்டபடி ஓடினார். மனைவி பத்மாசினி காய்ச்சலில் கிடந்ததால் கூடப் போகவில்லை. பின்னேரம் எழுந்து வந்தவள் குவியலைக் கண்டாள். ஊர்ப் பேச்சைக் கேட்டு அவளுக்கும் காது புளித்திருந்தது. வேலியில் ஆள் நுழையும் பொட்டால் குழை முழுவதையும் அள்ளிக் கொடுத்தாள்.

"அவருக்குச் சொல்லிப்போடாதை" என்றாள்.

"ஓம் அக்கா" என்று சின்னத்தங்கம் கண் கலங்கினாள்.

செத்தவீட்டுக் காரியங்கள் முடிந்து இளையதம்பி திரும்பி வந்தபோது முற்றத்துக் குவியலைக் காணவில்லை; சின்னத்தங்கத்தின் பசுவுக்கு நோவு தொடங்கியிருந்தது. மாதம் நிறையாமல் கன்று செத்து விழுந்தது. மறுநாள் தாயும் போயிற்று. சின்னத்தங்கம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததை நின்று பார்க்க முடியவில்லை. கண்ணூறுதான் காரணம் என்று மாட்டுக்கு வைத்தியம் பார்க்கும் பரிகாரி தீர்ப்புச் சொல்லிவிட்டார். நாங்களும் தலையாட்டினோம். இளையதம்பி வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

"கண்ணூறு இல்லை" என்றார் அவர். "என்ரை மரம்தான். துரையின்ரை பசுவும் இதைத் திண்டுதான் கன்று அழிஞ்சது. நான் கண்ணாலை பாத்தனான்."

பத்மாசினி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். மாட்டைக் கொல்லும் என்று தெரிந்துகொண்டு இத்தனை வருஷம் அதைச் சொல்லாமல் இருந்திருக்கிறார். சொன்னால் மரங்களைப் பிடுங்கச் சொல்வோமே என்ற பயம். மரம் தப்பினால் போதும் என்று, கஞ்சன் பட்டத்தைச் சுமந்திருக்கிறார். இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

அன்று பகலே எல்லா மரங்களையும் வேரோடு தோண்டினார். ஒருவரையும் கிட்ட விடவில்லை. பிறகு தன்னுடைய கறவைப் பசுவை அவிழ்த்துக் கொண்டுபோய்ச் சின்னத்தங்கத்தின் வாசலில் நின்றார்.

"இதை வைச்சிரு, பிள்ளை."

அவள் கயிற்றை வாங்கவில்லை. பசுவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணை, மரம் நட்ட வருஷம் இந்த மாட்டை முன்வளவிலை இருந்து பின்வளவுக்கு மாத்திக் கட்டினியள். நிழலுக்கெண்டு நான் நினைச்சன்" என்றாள். "உங்கடை மாட்டைக் காப்பாத்தத் தெரிஞ்சிருக்கு. ஆகாதெண்டு மட்டும் சொன்னியள்; சாகுமெண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்ல என்ன வந்தது?"

இளையதம்பி பசுவை வாசல் வேலிக் கதியாலில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.