முதல் பட்டனில் இருந்த இடம்

கார்களுக்குக் கரன்ட் வேலை பார்க்கும் அவருக்குப் பட்டறை வட்டாரத்தில் 'எர்த்து' என்றுதான் பெயர். எந்த வண்டி வந்தாலும் வோல்டேஜ் பார்த்த கையோடு பேட்டரியின் எர்த்து வயரைக் கழற்றிவிடுவார். இளவயதில் ஸ்பேனர் பேட்டரியில் தப்பிப் பட்டு விரலில் மோதிரம் உருகியதிலிருந்து பிடித்த பயம் அது. கேலி செய்கிறவர்களிடம் தழும்பைக் காட்டிவிட்டு அவர்பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார்.

அன்று காலை அவருடைய தங்கை காரை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். பேட்டரி அடிக்கடி இறங்கிவிடுகிறதாம். தங்கை மாப்பிள்ளை ஓட்டிய கார்; அவர் தவறிப்போய் வருஷம் திரும்பப்போகிறது. தங்கை வழியில் தனியாக நிற்கக்கூடாதே என்று மற்ற வண்டிகளையெல்லாம் ஓரங்கட்டினார்.

நிற்கும்போது வோல்டேஜ் பன்னிரண்டுக்குக் கீழே; இன்ஜின் ஓடும்போது பதினாலு. சார்ஜ் நன்றாகவே ஏறுகிறது. எர்த்து வயரைக் கழற்றி, இடையில் மீட்டரைக் கோத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பேட்டரியும் புதுசு. தலைகீழாக நின்றும் கோளாறு பிடிபடவில்லை.

சாயங்காலம் தங்கை வந்ததும், இன்ஜின் ஓடாதபோது எதையாவது போடுகிறாயா என்று துருவித் துருவிக் கேட்டார். அவள் தயங்கினாள்.

"வீட்டுக்கு வந்து இன்ஜினை அணைச்சிட்டு சீட்டோட முதல் பட்டனை அமுக்குவேண்ணா. சீட்டு அவர் உக்கார்ற இடத்துக்குப் போகும். எனக்குப் பெடல் எட்டாது. அப்படியே கொஞ்ச நேரம் இருப்பேன். ரெண்டாவது பட்டன்ல என் இடத்துக்கு வந்துட்டு, மறுபடி முதல் பட்டனை அமுக்குவேன்."

பேட்டரியைக் குடித்தது அந்தச் சீட்டு மோட்டார்தான் என்று புரிந்த கையோடு, தான் எர்த்தைக் கழற்றியதும் அவருக்கு நினைவு வந்தது. எர்த்தைக் கழற்றினால் இந்த மாதிரி வண்டியில் சீட்டு பட்டன்களில் பதித்துவைத்த இடங்களை மறந்துவிடும். மற்றவர்களிடம் கழற்றும் முன்பே இதைக் கேட்டுக்கொள்கிற மனிதர், தங்கை வண்டிதானே என்று கேட்காமல் விட்டார். சொந்தம் என்று வந்துவிட்டால் நமக்கெல்லாம் கேட்கத் தோன்றுகிறதா என்ன?

அவள் உட்கார்ந்து பட்டனை அமுக்கினாள். சீட்டு அசையவில்லை. அவர் தான் செய்ததைச் சொன்னார். அவள் மறுபடியும் அதே பட்டனை அமுக்கிப் பார்த்தாள்; நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மாப்பிள்ளை உயரம் தனக்குத் தெரியாதா என்று, திறந்த கதவருகே குனிந்து சுவிட்சை அழுத்திச் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினார். இன்னும் கொஞ்சம் என்றாள். தள்ளினார். இல்லை, முன்னால் என்றாள். கொண்டுவந்தார். அவள் பெடலை நோக்கிக் காலை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

"விடுண்ணா," என்றாள் கடைசியில். "எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியல."