கோயில் முகமும் கப்பல் சன்னலும்

எங்கள் ஊர் நூலகத்தில் கற்பூரம் மணக்கும். பாகூர்ப் பக்கத்தில், பிரெஞ்சுக்காரர் காலத்தில், இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே கட்டிய அந்த "லைப்ரரி"க்கு முன்பக்கம் அச்சு அசல் கோயில் மண்டபம்: தாமரை வைத்த தூண்கள், உயரமான படிகள். பின்பக்கமோ அன்றைய புது மோஸ்தர்: தட்டையான கான்கிரீட் கூரை, பூவேலை இல்லாத வழவழப்பான சுவர், அதில் வட்டமாக ஒரு சன்னல். நாங்கள் அதைக் "கப்பல் சன்னல்" என்போம். பெரிய வீட்டுக்காரர்கள் பழமை கேட்டிருப்பார்கள், "மேரி" என்று அப்போது சொன்ன கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தார் புதுமை கேட்டிருப்பார்கள், கட்டியவர் இரண்டு பேர் வாயையும் அடைத்துவிட்டார் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

உள்ளே இருப்பது புத்தக பீரோக்கள்தான் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் அந்த முகப்பைக் கண்டால் வழியில் போகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், வெள்ளிக்கிழமையானால் யாராவது தூணடியில் கற்பூரம் ஏற்றுவார்கள். எங்கள் தெருவுக்கு மட்டும் அது வேறு மாதிரி. அம்மா கரும்புக் கொல்லையில் கூலிவேலை செய்தவள், கோயில் படி என்றாலே எட்ட நின்று பழகியவள். "முன்னால ஏறாதடி, எவனாவது எதுனா சொல்லிடப் போறான். பின்னாலயே போயிட்டு வா" என்பாள். ஏறக்கூடாதென்று நூலகத்தில் ஒருவரும் சொன்னதில்லை. ஆனாலும் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் பின்கதவால்தான் போனோம்.

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கப்பல் சன்னல் வழியே விழும் வெயில் வட்டம் தரையில் நகர நகர, புத்தகத்தோடு நானும் நகர்ந்துகொண்டிருப்பேன். கண் எழுத்தில் இருக்கும், மனம் மட்டும் முன்கதவிலேயே கிடந்து அரிக்கும். ஏறத்தானே கூடாது, இறங்கினால் என்ன?

ஒரு மழை நாளில், என்னைக் கூட்டிப்போக வந்த அம்மா தெருவில் நின்றபோது, உள்ளிருந்து முன்கதவைத் திறந்துகொண்டு தூண்களுக்கு நடுவே போய் நின்றேன். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாடி பண்ற அங்க? எறங்கு!"

பின்னாலேயே வந்த நூலகர், "இருக்கட்டும்மா. மழையில நிக்காத, நீயும் மேல ஏறி வா" என்றார்.

"பரவால்ல சார், நான் இங்கியே நிக்கறேன்."

நான் மேலே நனையாமல் நின்றேன், அம்மா கீழே சொட்டச் சொட்ட நின்றாள். பெருமையாக இருக்கும் என்று நினைத்த எனக்கு அழுகை வந்தது. ஓடி இறங்கி அவளோடு நனைந்தேன்.

போன மாதம் கட்டடத்தைப் பழுதுபார்த்து முடித்தார்கள். முகப்பு பாரம்பரியச் சின்னமாம், தூண்களுக்குப் புதுச் சுண்ணாம்பு, முன்னால் ஒரு பலகை. பின்பக்கத்தைப் பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட கான்கிரீட் அறை என்று நினைத்து இடித்துவிட்டார்கள். இரண்டும் ஒரே கையால் ஒன்றாக எழுந்தவை என்று யாரிடம் போய்ச் சொல்வது? மண்டபம் பழசு, வட்டச் சன்னல் பழசில்லையா? நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

அம்மாவை அழைத்துப்போய்க் காட்டினேன். முன்கதவு விரியத் திறந்திருந்தது. "வாம்மா, இப்ப யாரு இன்னா சொல்லப் போறாங்க" என்று கையைப் பிடித்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு, பழக்கப்பட்ட வழியில் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தாள். அங்கே செங்கல் தூள்தான் கிடந்தது.

"நம்ம வாசலத்தான இடிச்சிட்டானுங்க" என்றாள்.