நேமத்தான்பட்டியில் நாலு காகிதக் கப்

எங்கள் அடுக்குமாடியில் தொடங்கிய வாசிப்பு வட்டம் மூன்றே மாதத்தில் சமையல் குறிப்பு வட்டமாகிவிட்டது. காரைக்குடிப் பக்கம் நேமத்தான்பட்டி வட்டத்தில் நிறவெறி, சாதி என்று கனமானதையே படிக்கிறார்களாம், கூட்டமும் குறையவில்லையாம். போன மாதம் ஒரு ஞாயிறு, பொறாமையோடு கிளம்பினேன்.

திருச்சியில் காலை ஆறரைக்குப் பேருந்து. காரைக்குடியில் எட்டே முக்கால். அங்கிருந்து ஆட்டோ 250 ரூபாய். "பழைய வீடு பாக்க வந்தீகளா?" என்றார் ஓட்டுநர். படிக்க என்றேன். "இந்த வயசுலயா!" என்று சிரித்தார், பாவி மனுஷன்.

வட்டம் நடப்பது மெய்யம்மை ஆச்சி வீட்டு முகப்பில். வயது நாற்பதுதான், இங்கே ஆச்சி என்பது மரியாதைச் சொல். ஒரே புத்தகம் கைமாறும். ஒரு பக்கம் வாசித்தவர், அதை நம்மூரில் எங்கே பார்த்தேன் என்று சொல்லியாக வேண்டும். அன்றைய கட்டுரை, அமெரிக்காவில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய் இருந்த காலத்தைப் பற்றியது. வாசித்தவர் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் செல்வி. காலனியிலிருந்து மூன்று பெண்களை முதல்முறையாக அழைத்து வந்திருந்தார்.

நடுவில் காபி வந்தது. பாதி குடித்த பிறகுதான் கவனித்தேன். எங்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளர், செல்வியோடு வந்தவர்களையும் சேர்த்து நாலு பேருக்கு மட்டும் காகிதக் கப். நான் படிக்க வந்த லட்சணம்!

செல்வி தன் கப்பைத் தூக்கிக் காட்டினார். "நம்மூர்ல எங்க பாத்தேன்னு சொல்லணும்ல? இந்தா, என் கையிலதான் இருக்கு ஆச்சி."

"ஐயோ, விருந்தாளிகளுக்குப் புதுசாக் குடுப்போம்னு..."

"திருச்சிக்கார அக்காவும் விருந்தாளிதானே? அவுகளுக்கு மட்டும் எப்படி டம்ளர்? ஆறு மாசமா எனக்கு இதுதான். அங்க வித்தியாசமே பாக்க மாட்டாகன்னு சொல்லி இவுகளக் கூட்டியாந்தேன். இப்ப எந்த முகத்த வச்சுக்கிட்டுப் போவேன்?"

மூன்று பெண்களும் எழுந்துவிட்டார்கள். வட்டம் இன்றோடு சரி என்று நினைத்தேன்.

ஆச்சி அழுதுவிட்டார். "என் தப்புத்தான் செல்வி. ஒக்காருங்க தாயி, போயிறாதீக." சாவியை எடுத்துவந்து கல்யாணச் சாமான் அறையைத் திறந்தார். அம்மாடி, பெயர் வெட்டிய டம்ளர்கள் நூற்றுக்கணக்கில்! ஆளுக்கு நாலாக அள்ளி, கொல்லைக் குழாயடியில் எல்லோரும் சேர்ந்து கழுவினோம். ஆச்சி மறுபடி காபி கலந்து எல்லோருக்கும் ஊற்றினார். இருப்பதிலேயே பளபளப்பான டம்ளரைச் செல்வியிடம் நீட்டி, "இனிமே இது ஒனக்கே ஒனக்கு" என்றார்.

"எனக்குன்னு தனியாவா? ஆள விடுங்க ஆச்சி! எல்லாத்தோடயும் கலந்தே கெடக்கட்டும்."

சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. அந்த மூன்று பெண்களில் ஒருவர் புத்தகத்தைக் கேட்டு வாங்கி அடுத்த பக்கத்தை வாசித்தார்.

போகிறவர்களுக்கு: கூட்டம் காலை பத்து மணிக்கு, கட்டணம் கிடையாது. திரும்ப ஆட்டோ கிடைப்பது கஷ்டம், கொண்டுவந்து விட்டவரையே திரும்ப வரச் சொல்லிவிடுங்கள். நம்மூரில் எங்கே பார்த்தேன் என்று சொல்வதற்கு ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

எனக்கு அது வீட்டுக்கு வந்த பிறகுதான் கிடைத்தது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் டம்ளர், சமையலறை ஜன்னலில் தனியாகக் கவிழ்ந்திருந்தது. கவிழ்த்து வைத்தது நான்தான்.